கையேட்டில் இல்லாத வரி

மலையடிவாரத்தில், காரவள்ளியில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் எங்கள் அலுவலக அக்கா பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். வளைவுகள் தொடங்கிவிட்டால் நாங்கள் எல்லோரும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்து மலையைப் பார்ப்போம். சிலர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொள்வார்கள். அவர் மட்டும் குனிந்து படித்துக்கொண்டே வருவார். கையில் பென்சில் இருக்கும். பஸ் சாயும் பக்கம் பென்சிலும் சாய்ந்து தாளில் கோடு இழுக்கும். அவருக்குக் குமட்டல் வந்து நான் பார்த்ததில்லை. கோபம்தான் வரும்.

“இதை எழுதுனவன் ஒரு தடவையாச்சும் இதைச் செஞ்சு பாத்திருப்பானாங்க தம்பி?” என்று பின் சீட்டில் இருக்கும் என்னிடம் திரும்பாமலேயே கேட்பார்.

சில வருடங்களுக்கு முன்னால், செம்மேட்டில் ஒரு மிளகு மண்டியின் மேல்மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில் நாங்கள் வேலை பார்த்தோம். கையால் எழுதிய பதிவுகளைக் கணினியில் ஏற்றி, பெயர்களை ஒழுங்குபடுத்தி, கேட்டவர்களுக்குக் கேட்ட வடிவில் அனுப்புவது வேலை. அதற்கு இலவசமாகக் கிடைக்கும் ஒரு கருவியைப் பயன்படுத்தினோம். அதில் படமோ பொத்தானோ கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி கட்டளை அடித்தால் போதும். எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும் வெட்டும், அகர வரிசைப்படுத்தும், ஒன்றுபோல் இருக்கும் வரிகளை நீக்கும். வேலையில் குறை சொல்ல முடியாது. அதனுடன் வந்த கையேடுதான் வயிற்றெரிச்சல். ஏற்கெனவே தெரிந்தவர்கள், மறந்ததை ஞாபகப்படுத்திக்கொள்ள எழுதி வைத்ததுபோல் இருக்கும். அதைத்தான் அச்செடுத்து அவர் பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்தார்.

தாளின் ஓரத்தில் அவர் எழுதுவது பெரும்பாலும் ஒரே கேள்வி: ‘இல்லாவிட்டால் என்ன ஆகும்?’ கோப்பின் பெயரைக் கடைசியில் கொடுக்கவும் என்று கையேடு சொல்லும். கடைசியில் கொடுக்காவிட்டால் என்ன ஆகும்? சொல்லாது. இந்தக் கட்டளையைக் கவனத்துடன் பயன்படுத்தவும் என்று சொல்லும். எதைக் கவனிக்க வேண்டும்? அதையும் சொல்லாது. “கவனத்துடன்ங்கறது ஒரு சொல்லாங்க? தனக்குத் தெரியாததை நம்ம தலையில கட்டறதுக்குக் கண்டுபுடிச்ச வார்த்தை” என்பார்.

எந்தக் கையேட்டையும் அவர் விட்டுவைத்ததில்லை. அலுவலக வாசலில் முதலாளி ஒரு தாள் ஒட்டினார்: ‘செருப்பை உரிய இடத்தில் விடவும்.’ மறுநாள் அதன் கீழே பென்சிலில் ‘உரிய இடம் எது?’ என்று இருந்தது. முதலாளி அந்தத் தாளைக் கிழித்தார். புதிதாக ஒன்றை ஒட்டவில்லை. செருப்புகள் பழையபடி எங்கெங்கோ கிடந்தன.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. ஒருமுறை பஸ்ஸில் வாழவந்தி நாட்டு விவசாயி ஒருவர் மிளகுக் கொடிக்கு அடிக்கும் மருந்து டப்பாவை நீட்டி, எவ்வளவு கலக்க வேண்டும் என்று படித்துச் சொல்லச் சொன்னார். அக்கா டப்பாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. ‘தேவைக்கேற்பக் கலக்கவும்’ என்று அச்சாகியிருந்தது. டப்பாவில் இருந்த எண்ணுக்கு அங்கேயே போன் போட்டார்.

“ஏனுங்க, தேவை எவ்வளவுன்னு தெரிஞ்சா அவரு எதுக்குங்க டப்பாவைப் படிக்கப்போறாரு?”

மறுமுனையில் ஏதோ ஒரு பெண் நல்லபடியாகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்திருக்க வேண்டும். இவர் விடவில்லை. வளைவில் சிக்னல் போய்விட்டது. செம்மேட்டில் இறங்கியதும் மறுபடி போட்டு, அளவு என்ன என்று வாங்கி, டப்பாவின் மேலேயே பேனாவால் எழுதிக் கொடுத்த பிறகுதான் மாடி ஏறினார். அந்த விவசாயி பாவம், இதற்காகப் பஸ்ஸை விட்டு இறங்கிக் காத்திருந்தார். அவர் போக வேண்டிய ஊர் இன்னும் தூரம்.

எனக்கே சில சமயம் சலிப்பாக இருக்கும். கண்டக்டரிடம், மருந்துக்கடைப் பையனிடம், வங்கிக் காசாளரிடம் எல்லாம் சண்டை. “நானாங்க எழுதினேன்?” என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். “எழுதுனவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க” என்பார் இவர். யாரும் போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை.

நானும் அவரிடம் மாட்டியிருக்கிறேன். மின்சாரம் போனால் அலுவலகத்தின் பேட்டரியை எப்படி இயக்குவது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தேன். எனக்கு அதில் கொஞ்சம் பெருமை. அவர் கீழே போய் டீக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்து, “இதைப் படிச்சு அதே மாதிரி செய்யுங்க” என்றார். டீக்கடைக்காரர் கை துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகச் சத்தம் போட்டுப் படித்து, நான் எழுதியபடியே செய்தார். எல்லாக் கணினிகளும் ஒன்றாக அணைந்தன. முதலாளி உள்ளிருந்து கத்தினார்.

“அவரு மேல தப்பு இல்லீங்க. உங்க எழுத்துல ஒரு சுவிட்சு குறையுது” என்றார் என்னிடம். எனக்கு அன்று முழுக்க அவர்மேல் ஆத்திரம். சாயங்காலம் தாளை மாற்றி எழுதினேன்.

அவர் ஏன் இப்படி என்பதற்கு ஊரில் ஒரு கதை இருந்தது. முன்பு மலைக்குக் கீழே ஒரு மோட்டார் கம்பெனியில் இருந்தாராம். மோட்டாருடன் வைக்கும் குறிப்புத் தாளை அவர்தான் எழுதினாராம். கம்பெனிக்காரர்கள் ஒரு எச்சரிக்கையை வெட்டிவிட்டதால் யாருக்கோ விரல் போய்விட்டதாம். ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். சிரித்தே விட்டார்.

“நான் எந்தக் கம்பெனிலயும் இருந்ததில்லீங்க தம்பி. எங்கப்பன் தோட்டத்துல மரவள்ளி புடுங்கிட்டு இருந்தேன், அப்பறம் காலேஜ் போனேன். யாருக்கும் விரலு போகல.” பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “கோவப்படறதுக்கு விரலு போகணுமா என்ன? அப்படியொரு காரணம் இருந்தாத்தான் நான் கேக்கறது ஞாயம்னு ஒத்துக்குவீங்களா?”



அலுவலகத்தில் எங்களோடு சுகந்தி இருந்தாள். ஆலத்தூர் நாட்டுப் பெண். கல்யாணமானதும் அங்கேயே, மாமனார் வீட்டில் இருந்தாள். தட்டச்சு வேலைக்கு வந்தவள், கறுப்புத் திரைக் கட்டளைகளைத் தானாகவே பழகிக்கொண்டாள். அந்த வருடம் மலையில் வாடல் நோய் வந்து மிளகுக் கொடிகள் கொத்துக் கொத்தாகக் கருகின. பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணம் கொடுக்கப் பெயர்ப் பட்டியல் தயார் செய்யும் வேலை எங்கள் முதலாளிக்குக் கிடைத்தது. அதைச் சுகந்தி செய்தாள்.

வேலை கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை சொல்லியிருந்தார்கள்: பெயர் இருபது எழுத்துக்கு மேல் போகக் கூடாது. மலையில் அவ்வளவு நீளப் பெயர் அபூர்வம். இருந்தாலும் சுகந்தி கையேட்டைப் பார்த்தாள். குறிப்பிட்ட ஒரு கட்டளைக்கு எதிரே ‘இத்தனை எழுத்துகளை மட்டும் வைத்துக்கொள்ளும்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. எழுத்து என்றே இருந்தது. இருபது என்று கொடுத்தாள். பிறகு பெயரும் ஊரும் ஒன்றாக இருக்கும் வரிகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளும்படி இன்னொரு கட்டளை கொடுத்தாள். அதுவும் எப்போதும் செய்வதுதான், ஒரே ஆள் இரண்டு முறை பதிந்திருந்தால் நீக்குவதற்காக. எங்கள் கறுப்புத் திரையில் தமிழ் எழுத்தே சரியாகத் தெரியாது. வெறும் கட்டங்களாகத்தான் வரும். கடைசியில் பட்டியலை வேறொரு கணினியில் திறந்து பார்த்து அனுப்ப வேண்டியது முதலாளி. அவர் திறக்காமலேயே அனுப்பினார்.

அந்தக் கருவி எண்ணியது எழுத்தை இல்லை. கணினி ஒவ்வொரு எழுத்தையும் துண்டுகளாகத்தான் வைத்திருக்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு துண்டு. தமிழில் உயிரெழுத்தாகட்டும், மெய்யாகட்டும், அதன்மேல் வைக்கும் புள்ளியாகட்டும், கொம்பாகட்டும், ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று துண்டு. கையேட்டை எழுதியவருக்கு எழுத்தும் துண்டும் ஒன்று. அவர் மொழியில் அது உண்மை. எங்கள் பெயர்களெல்லாம் ஆறு ஏழு குறிகளோடு நறுக்கப்பட்டுப் போய்ச் சேர்ந்தன. அதோடு நின்றிருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். நறுக்கிய பிறகு ஒரே ஊரில் இரண்டு பெயர்கள் ஒன்றுபோல் ஆகிவிட்டால், அடுத்த கட்டளை அதில் ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டது. அந்த ஆளே இல்லை என்று ஆகிவிட்டது.

அப்படிக் காணாமல் போனவர்களில் ஒருவர் பொன்னம்மாள். சுகந்தியின் மாமனாருக்கு அண்ணி, கணவனை இழந்தவர், தனியாக மிளகுத் தோட்டம் வைத்திருந்தவர். மாமனார் பெயர் பொன்னம்பலம். பட்டியலில் பொன்னம்பலம் மிஞ்சினார், பொன்னம்மாள் போய்விட்டார். நிவாரணம் ஒருவருக்கு வந்தது, மற்றவருக்கு வரவில்லை. பட்டியல் போட்டது யார் என்பது ஊருக்கே தெரியும். மாமனார் பெயரை வைத்துக்கொண்டு பெரியத்தை பெயரை மருமகள் வெட்டிவிட்டாள் என்று பேச்சு எழுந்தது. பொன்னம்மாள் அந்த வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்.

விஷயம் முதலாளிக்கு எட்டியதும் அவர் முதலில் செய்தது சுகந்தியை வேலையை விட்டு நிறுத்தியது.

“மேனுவலை ஒழுங்காப் படிச்சுச் செஞ்சிருந்தா இது நடந்திருக்குமா?” என்றார்.

பார்க்காமல் அனுப்பியது முதலாளி. பெயர் கெட்டது அவளுக்கு. சுகந்தி சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

அன்றுதான் அக்காவுடைய கோபத்தை முழுசாகப் பார்த்தேன். குரல் உயரவில்லை. கையேட்டை எடுத்துக்கொண்டு முதலாளி மேசைக்குப் போய், அந்தப் பக்கத்தை விரித்து வைத்தார்.

“சார், இதைப் படிங்க. என்ன போட்டிருக்குது?”

“எழுத்துன்னு போட்டிருக்கு.”

“அந்தப் புள்ளயும் அதைத்தான் படிச்சுது. ஒழுங்காப் படிச்சதுக்குத்தான் தண்டனையா?”

“மேடம், எல்லாரும் பயன்படுத்தற கருவி. அவங்க தப்பா எழுதியிருப்பாங்களா?”

“எழுதியிருக்காங்க. பட்டியலை நீங்களும் தொறந்து பாக்கல.”

முதலாளி போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். யாரும் அழைத்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கருவியைக் கவனித்துக்கொள்பவர்கள் பல நாடுகளில் இருக்கும் ஒரு குழு. சம்பளம் இல்லாமல் செய்கிறார்கள். யார் வேண்டுமானாலும் அவர்களுடைய பக்கத்தில் குறை எழுதலாம். அக்கா மறுநாளே எழுதினார். அவர் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்தேன். நான் நடுவில் ‘தயவுசெய்து’ என்று சேர்த்தேன். அழிக்கச் சொன்னார்.

பதில் வந்தது. மரியாதையான பதில்தான். இது பழைய விஷயம், எல்லோருக்கும் தெரிந்தது, வருங்காலத்தில் கருவியையே சரிசெய்யும் திட்டம் இருக்கிறது, ஆகவே கையேட்டில் தனியாக எழுதத் தேவையில்லை என்று சொல்லி விவகாரத்தை முடித்து வைத்திருந்தார்கள்.

நான் படித்துக் காட்டி முடிப்பதற்குள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“எல்லாருக்கும் தெரியுமாம். தெரிஞ்சவங்களுக்கு எதுக்குங்க கையேடு? மேல ஏறி வர்ற ரோட்டுல ஒரு வளைவு இடிஞ்சு போச்சுன்னு வைங்க. எப்படியும் கட்டப்போறோம், அதனால பலகை வைக்கலைன்னு சொல்லுவாங்களா? சொன்னா விடுவமா?”

அதையே எழுதினார். பதில் இல்லை. மறுபடி எழுதினார். ஒருவர், அனுபவம் உள்ள பயனர்கள் இந்தத் தவறைச் செய்ய மாட்டார்கள் என்று ஒரு வரி போட்டார். அந்த ஒரு வரியை அக்கா அச்செடுத்து மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டார். ஏன் என்று கேட்டதற்கு, “மறந்துட்டா கோவம் கொறஞ்சு போயிருமுங்க” என்றார்.

இதற்குள் சுகந்தியின் நிலைமை மோசமாகிவிட்டது. குழாயடியில் அவளுடன் யாரும் பேசுவதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு ஆலத்தூர் நாட்டுக்குப் போனார். பையில் வெள்ளைத் தாளும் கத்தரிக்கோலும் இருந்தன. பொன்னம்பலத்தின் வீட்டு முன்னால் ஆட்கள் கூடிவிட்டார்கள். பொன்னம்மாளும் வந்தார், ஒரு ஓரமாக, சண்டைக்குத் தயாராக. சுகந்தி கதவுக்குப் பின்னால் நின்றாள்.

“ஏனுங்கம்மா, உங்களுக்கு எழுத்துத் தெரியுமுங்களா?” என்று பொன்னம்மாளைக் கேட்டார்.

“எம்பேரு படிப்பேன்.”

இரண்டு நீளத் தாள் துண்டில் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒன்றில் பொன்னம்மாள் என்றும் மற்றதில் பொன்னம்பலம் என்றும் எழுதினார். எழுத்து ஒரு கட்டத்தில், கொம்பு அடுத்த கட்டத்தில், புள்ளி அதற்கடுத்த கட்டத்தில்.

“நாம பாத்தா முழு எழுத்து. மெசினு இப்படி உதிரி உதிரியாத்தான் வெச்சிருக்குமுங்க. ஒவ்வொரு உதிரியையும் மூணு துண்டா எண்ணும். இருபதுன்னா இருபது எழுத்துன்னு புஸ்தகத்துல போட்டிருக்குது. இந்தப் புள்ள அதை நம்புச்சு. மெசினு இருபது துண்டை எண்ணி வெட்டிப்போட்டுது.”

இரண்டு தாளையும் ஒரே இடத்தில் கத்தரித்தார். மிஞ்சியதைப் பொன்னம்மாளின் உள்ளங்கையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார்.

“இப்பச் சொல்லுங்க. இதுல எது நீங்க, எது உங்க கொழுந்தனாரு?”

பொன்னம்மாள் இரண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். உதடு அசைந்தது. இரண்டிலும் ‘பொன்னம’ என்றுதான் இருந்தது.

“ரெண்டும் ஒண்ணாட்டத்தான் இருக்குது.”

“மெசினுக்கும் அப்படித்தாங்க இருந்துச்சு. ஒரே ஆளு ரெண்டு தடவை எழுதிட்டாங்கன்னு நெனச்சு ஒண்ணை எடுத்துப்போட்டுது. உங்க மருமக எடுக்கல.”

பொன்னம்மாள் கதவுப் பக்கம் பார்த்தார். “உள்ள நின்னுட்டு என்ன பண்றே? எல்லாருக்கும் தண்ணி கொண்டா கண்ணு” என்றார். சுகந்தி செம்பை எடுத்து வந்தாள்.

பொன்னம்பலம்தான் கேட்டார். “அந்தப் புஸ்தகம் எழுதுனவங்ககிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னேனுங்க. எல்லாருக்கும் தெரியும்னு சொல்றாங்க.”

“எங்களுக்குத் தெரியலையே” என்றார் பொன்னம்பலம். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்ததும் குழுவுக்கு அக்கா எழுதியது இதுதான்: “எல்லோருக்கும் தெரியும் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் மலையில் விவசாயம் செய்யும் ஒரு பெண்ணுக்குத் தெரியாது. அவர் உங்கள் கருவியைப் பயன்படுத்தவில்லை. அவருடைய பெயர்மேல் அது பயன்படுத்தப்பட்டது. இப்போது அவர் பட்டியலில் இல்லை. அவருக்கும் சேர்த்துத்தான் கையேடு எழுத வேண்டும்.” கீழே, கையேட்டில் சேர்க்க வேண்டிய வரிகளையும் எழுதி, இரண்டு பெயர்களையும் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எப்படி இருக்கும் என்று எடுத்துக்காட்டாகக் கொடுத்திருந்தார். பெயர்களைப் போடலாமா என்று அந்த இருவரிடமும் முன்னாலேயே கேட்டு வைத்திருந்தார்.

இம்முறை வேறு யாரோ ஒருவர், எந்த நாடோ தெரியாது, தங்கள் மொழியிலும் இதே கதி என்று எழுதினார். இன்னொருவரும் எழுதினார். முடித்து வைத்த விவகாரத்தைத் திறந்தார்கள். வரிகளைச் சேர்க்கச் சம்மதித்தார்கள். ஆனால் எடுத்துக்காட்டைப் பலருக்கும் பழக்கமான ஓர் ஐரோப்பியப் பெயராக மாற்றலாமா என்று கேட்டார்கள்.

“மாத்தக் கூடாதுன்னு எழுதுங்க.”

“காரணம் கேட்டாங்கன்னா?”

“அந்தப் பேருல ஒரு எழுத்துதாங்க கெடும். இதுல ஆளே போயிருச்சு.”

எடுத்துக்காட்டு தமிழிலேயே கையேட்டில் ஏறியது.

அந்தப் பக்கத்தை அச்செடுத்து முதலாளியிடம் கொடுத்தார். முதலாளி யோசித்தார். வேலை கொடுத்தவர்கள் அவரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். சுகந்தியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகவும், அதற்கு முன் அவள் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார். கடிதத்தை அவரே அடித்து வைத்திருந்தார். ‘எனது கவனக்குறைவால்’ என்று தொடங்கியது.

சுகந்தி பேனாவை எடுத்துவிட்டாள். அவளுக்கு வேலை வேண்டியிருந்தது. அக்கா கடிதத்தை அவள் கைக்குக் கீழிருந்து உருவினார். ‘எனது கவனக்குறைவால்’ என்பதை அடித்து, ‘கையேட்டில் இருந்தபடி செய்ததாலும், அனுப்புமுன் அலுவலகத்தில் சரிபார்க்காததாலும்’ என்று மேலே எழுதி, மறுபடி அவள் முன்னால் வைத்தார்.

“நான் திருத்தியாச்சு. எதுல போடறதுன்னு நீ முடிவு பண்ணு கண்ணு.”

சுகந்தி படித்தாள். முதலாளியைப் பார்த்தாள். “இதுல போடறேனுங்க சார்” என்று திருத்திய வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

முதலாளி அதை வாங்கவில்லை. வேலையும் இல்லை என்றார். ஆனால் விடுபட்டவர்களைச் சேர்த்து இரண்டாவது பட்டியல் போட வேண்டியிருந்தது. அதற்காக ஊர்க்காரர்களை அலுவலகத்துக்கு வரச் சொல்லியிருந்தார். ஆலத்தூர் நாட்டிலிருந்து ஒரு ஜீப் நிறைய வந்து இறங்கினார்கள். பொன்னம்மாள் முன்னால் வந்து முதலாளியிடம் கேட்டார்.

“எங்கூட்டுப் புள்ள எங்கீங்க?”

“அவங்க இப்ப இங்க இல்லம்மா. வேற ஆளு எழுதுவாங்க.”

“அந்தப் புள்ள எழுதுனா எங்க பேரைச் சொல்றோம். இல்லாட்டி நாங்க இப்படியே போறோமுங்க.”

படியில் நின்ற எல்லோரும் அப்படியே நின்றார்கள். பட்டியல் போகாவிட்டால் முதலாளிக்கு அடுத்த வேலை கிடைக்காது. மத்தியானத்துக்குள் ஆள் அனுப்பிச் சுகந்தியைக் கூப்பிட்டார். கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அது திருத்தத்தோடும் கையெழுத்தோடும் முதலாளியின் மேசையிலேயே பல நாள் கிடந்தது.

இரண்டாவது பட்டியல் போயிற்று. நிவாரணம் வந்தது. வருவதற்கு வெகுநாள் ஆயிற்று. வந்த செய்தியைச் சொல்ல நாங்கள் மூவரும் பொன்னம்மாளின் தோட்டத்துக்குப் போனோம். சுகந்திக்கு ஒரே சந்தோஷம். வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். எனக்கும் மனசு லேசாக இருந்தது. குழு கேட்டது, கையேடு மாறியது, அவளுக்கு வேலை கிடைத்தது, பெரியத்தைக்குப் பணமும் வந்துவிட்டது. அக்காவிடம் திரும்பி, “இப்பவாச்சும் சந்தோஷமாக்கா?” என்று கேட்டேன். அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிளகுக் கொடி ஏறியிருந்த சில்வர் ஓக் மரங்கள் அங்கே இல்லை. வெட்டிய அடிக்கட்டைகள்தான் வரிசையாக இருந்தன. நிவாரணம் வராததால், கொடி கருகி நின்ற மரங்களை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டதாகப் பொன்னம்மாள் சொன்னார். மகளுக்குப் பிரசவ நேரமாம், வேறு வழியில்லையாம். இனி மரம் வளர்ந்து, கொடி ஏற்றி, காய் பறிக்க எத்தனை வருடம் ஆகும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும்.

“அதுக்கென்ன பண்றது? பேரு வந்துருச்சு, பணமும் வந்துருச்சு. பரவால்ல சாமி” என்று சிரித்தபடி பொன்னம்மாள் அக்காவின் கையைப் பிடித்தார்.

அவர் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் கண் அந்த அடிக்கட்டைகளை விட்டு நகரவில்லை.

“ஒரே ஒரு வரிங்கம்மா. முன்னாலயே எழுதியிருந்தா இந்த மரமெல்லாம் நின்னிருக்கும்” என்றார். “நீங்க மட்டும் பரவால்லன்னு சொல்லாதீங்க.”